இடது புருவத்தில் ஒரு தழும்பு

பிப்ரவரி 9
துறைமுகத் தந்தி அலுவலகம்

அக்காவுக்கு,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் பத்திரிகையில் இந்தத் தீவே சாம்பலாகிவிட்டது என்று போட்டிருந்தாலும் ஆச்சரியப்படமாட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் துறைமுகத்து நிலக்கரிக் கொட்டகை எரிந்துபோனது. ஈரக் கரியைக் குவித்து வைத்தால் அது உள்ளுக்குள்ளேயே சூடேறித் தானாகப் பற்றிக்கொள்ளும். ஒரு மாதமாகப் புகைந்துகொண்டிருந்தது. காவல்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் அவர் மீசையில் பாதி போனதுதான் மொத்தச் சேதம். மீதிப் பாதியைச் சிரைக்காமல் வைத்திருக்கிறார். கேட்டால், "சாட்சி வேணுமில்ல?" என்கிறார்.

பக்கத்தில் நம் நாட்டுக் கப்பல் ஒன்று நின்றிருந்தது. நெருப்பு பரவிவிடப் போகிறதே என்று தீவுச் சிப்பாய்கள் ஓடிப்போய்ப் பயணிகளை இறக்கிவிட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் குடையைக் காணோம், குடை இல்லாமல் இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தார். அவரை இரண்டு சிப்பாய்கள் அலாக்காகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கரையில் நின்ற நாங்கள் கைதட்டினோம்.

உன் பத்திரிகையின் நிருபர் இங்கே விடுதி மாடியில் இரண்டு மாதமாகச் சும்மா உட்கார்ந்திருந்தார் இல்லையா, அவருக்கு அன்றைக்கு விடிந்துவிட்டது. ஜன்னல் வழியாகப் புகையைப் பார்த்தவர், கன்னத்தில் சவர நுரையோடு தந்தி கொடுக்க ஓடிவந்தார். நீளமான தந்தி. என்ன எழுதினார் என்று கேட்காதே. எங்கள் வேலையில் ஒரே ஒரு சட்டம்தான்: கொடுத்ததை அனுப்பு, படிக்காதே. கண்ணில் நுழைவது கை வழியாக வெளியே போய்விட வேண்டும், நடுவில் மூளையைத் தொடக்கூடாது.

நம் மந்திரி இந்தத் துறைமுகத்தைப் பற்றிச் சபையில் பேசினாராமே. அடுத்த வீட்டுத் தோட்டத்தை ஜன்னல் வழியாகப் பார்க்கிறவன் பேச்சு மாதிரி இருந்தது என்று இங்கே சொல்கிறார்கள். இந்தத் தீவை ஆள்கிறவர்களும் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை, அது வேறு கதை.

என் மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள். மருமகனைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 27

தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்குள் இங்கே எல்லாம் தலைகீழாகிவிட்டது. காவல்காரரின் மீசையைப் படித்துச் சிரிக்கப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை.

எங்கள் பட்டறையில் வேலை எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் மறுபடி சொல்கிறேன், பொறுமையாகப் படி. ஒரு பெரிய படத்தை ஒரே ஆள் மரத்தில் செதுக்கினால் வாரக்கணக்கில் ஆகும். பத்திரிகை அதுவரை காத்திருக்குமா? அதனால் மரக்கட்டையைப் பன்னிரண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். ஆகாயக்காரர் ஆகாயத்தைச் செதுக்குவார், அலைக்காரர் தண்ணீரை, இன்னொருவர் துணிமணியை. நான் முகம். இந்த இடத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதினைந்து வருஷமாகிறது, எல்லாருக்கும் முகக்காரிதான். முடிந்ததும் துண்டுகளைத் திருகாணி போட்டு இறுக்கி அச்சுக்கு அனுப்பிவிடுவார்கள். முழுப்படம் என்ன என்று மறுநாள் தெருவில் பார்த்தால்தான் எங்களுக்கே தெரியும்.

நீ சொன்ன செவ்வாய்க்கிழமைக்கு மறுநாள் மேஸ்திரி வந்தார். உள்ளங்கை அளவு துண்டை என் முன்னால் வைத்தார்.

"முகக்காரி, ஒரு பொண்ணு முகம். எட்டு ஒம்பது வயசு. பயந்துபோய் மேலே பார்க்கணும். ஒரு மணி நேரம்தான் இருக்கு."

"எதைப் பார்த்துப் பயப்படுறா?"

"அதெல்லாம் பக்கத்துத் துண்டுல இருக்கு. நீ செதுக்கு."

செதுக்கினேன். கை அதுபாட்டுக்கு ஓடியது. இவ்வளவு சீக்கிரம் நான் எந்த முகத்தையும் முடித்ததில்லை.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியெல்லாம் அந்தப் படம். முழுப் பக்கம். கப்பல் தளம், புகை, ஈட்டி முனைத் துப்பாக்கியோடு தீவுச் சிப்பாய்கள் நாலு பேர், நடுவில் அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். மேலே கொட்டை எழுத்தில் "நம் மகள் எங்கே?" என்று தலைப்பு. நான் ரொட்டி வாங்குகிற கடைக்காரம்மா தாளைக் கல்லாவில் ஒட்டிவைத்து அழுதுகொண்டிருந்தார். "கேட்டீங்களா, குழந்தையை எங்கே கொண்டு போனாங்களோ, பாவிங்க" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு ரொட்டி வாங்காமலே வந்துவிட்டேன்.

உன் மருமகன் அந்த முகத்தை மட்டும் கத்தரித்துக் கட்டிலுக்கு மேலே குத்தி வைத்திருக்கிறான். "அம்மா, இது உங்க கைதானே? எனக்குப் பார்த்ததுமே தெரிஞ்சுது" என்றான். அவன் குரலில் அவ்வளவு பெருமை. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்துவிட்டு நேரே வீட்டுக்கு வருகிறவன், இப்போது தினமும் கூட்டம் கூட்டம் என்று போகிறான்.

கப்பலிலிருந்து ஒரு பெண் குழந்தையை இழுத்தார்களா? ஆம் அல்லது இல்லை என்று மட்டும் எழுது. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். முகத்தை நன்றாகப் பார். வேறு ஒன்றும் நான் சொல்லமாட்டேன்.

அக்கா


மார்ச் 20

அக்கா,

இல்லை.

எந்தப் பெண்ணையும் யாரும் இழுக்கவில்லை. தூக்கிக்கொண்டு வந்தது குடைக்காரப் பெரியவரை. அந்தக் கப்பலில் குழந்தைகளே கிடையாது, இறங்கினவர்கள் பட்டியலைத் துறைமுகத்தில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தாளை விரித்தபோது என் மனைவி பக்கத்தில் இருந்தாள். என் முகம் போன போக்கைப் பார்த்து, "யாரு இது, தெரிஞ்ச பொண்ணா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பிறகு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

சிட்டு. நம் சிட்டு. இடது புருவத்தின் நடுவே முடி முளைக்காத அந்தக் கோடு வரைக்கும் இருக்கிறது. அந்தக் கோட்டைப் போட்டவன் நான் அக்கா. ஆறு வயதில் அவளை மாடிப்படியில் தள்ளிவிட்டேன். ரத்தம் கண்ணில் வழிய வழிய, "அண்ணன் தள்ளல, நானேதான் விழுந்தேன்" என்று அம்மாவிடம் சொன்னாளே, மறந்துவிட்டாயா? ஒன்பது வயதில் காய்ச்சலில் போனாள். ஒரு போட்டோ கூட இல்லாத பிள்ளை. முப்பது வருஷம் கழித்து, இந்த ஊரில், அடுத்தவன் துப்பாக்கி முனையில் அவளைப் பார்ப்பேன் என்று நான் நினைக்கவே இல்லை. உனக்கு வேறு முகமே கிடைக்கவில்லையா?

உன்னை மட்டும் திட்டிவிட்டு நான் நல்ல பிள்ளையாக இருக்க முடியாது. அலுவலகத்தில் அன்றைய தந்தித் தாளைத் தேடி எடுத்தேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு தந்தியைப் படித்தேன். 'தீவைப்பு' என்று இருக்கிறது. 'சிறுமி' என்று இருக்கிறது. கீழே என் முத்திரை. நான்தான் தட்டி அனுப்பியிருக்கிறேன்.

நிருபரைப் பிடித்துக் கேட்டேன். மனுஷன் கொஞ்சமும் அசரவில்லை. "இருந்திருக்கலாம் இல்லையா? அவ்வளவு பெரிய கப்பல்ல ஒரு பொண்ணு கூடவா இல்லாம இருக்கும்?" என்று என்னையே கேட்கிறார்.

உன் ஆசிரியரிடம் போ. நான் சொன்னதை எல்லாம் சொல். மறுப்புப் போடச் சொல். மருமகன் அந்தக் கூட்டங்களில் என்ன கேட்கிறான் என்று எனக்குத் தெரியும், அவன் வயதில் நானும் நம்பியிருப்பேன்.

தம்பி


ஏப்ரல் 8

தம்பிக்கு,

திட்டு. நீ திட்டுவாய் என்று தெரிந்துதான் தாளை அனுப்பினேன். வேறு யாரிடம் திட்டு வாங்குவேன்?

வேறு முகம் கிடைக்கவில்லையா என்று கேட்டாய். கிடைக்கவில்லைதான். அவசரம் என்றால் கை தனக்கு நன்றாகத் தெரிந்த முகத்துக்குத்தான் போகும். சோப்பு விளம்பரத்தில், சிறுவர் கதைப் படத்தில், எங்கெல்லாம் ஒரு சின்னப் பெண் தேவையோ அங்கெல்லாம் பதினைந்து வருஷமாக அவள்தான். தழும்பு இல்லாமல், கன்னத்தைக் கொஞ்சம் மாற்றி, யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன். போட்டோ இல்லாத பிள்ளை என்றாயே, அவளை வேறு எங்கே வைத்துக்கொள்வேன்? இந்தத் தடவைதான் தழும்போடு வந்துவிட்டாள். கட்டையில் எல்லாம் இடவலம் மாறித் தெரியும், அன்றைய அவசரத்தில் கண்ணாடியில் வைத்துப் பார்க்கவும் இல்லை. செதுக்கும்போது அவள் யார் என்று எனக்கே தெரியவில்லை. தெருவில், தாளில், நேராகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தழும்பு சரியாக இடது புருவத்தில் விழுந்திருந்தது. அதற்குக் கட்டையில் அதை மாற்றிப் போட்டிருக்க வேண்டும். என் கை யோசித்துத்தான் போட்டிருக்கிறது, எனக்குத்தான் சொல்லவில்லை. அன்று முதல் என் கையைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

ஆசிரியரிடம் போனேன். மாடியில் அவர் அறைக்குப் போகிற வழியெல்லாம் மூட்டைகள். ஜனங்கள் அவளுக்கு அனுப்பியவை. கவுன்கள், கம்பளிக் காலுறைகள், பொம்மைகள். ஒரு பொம்மையின் கழுத்தில் 'பயப்படாதே கண்ணு' என்று சீட்டு கட்டியிருந்தது.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"குடையோட ஒரு கிழவரா?" என்றார். "அதுக்கு யாரம்மா அழுவாங்க?"

"ஆனா அப்படி ஒரு பொண்ணே இல்லைங்க."

"அந்தத் தீவுல பொண்ணுங்க கஷ்டப்படலையா? படுறாங்க. அவங்க எல்லாருக்கும் சேர்த்து ஒரு முகம் குடுத்தோம். நீங்க முகம் செதுக்குறவங்க, அதை நல்லா செஞ்சீங்க. மத்ததை மத்தவங்க பார்த்துக்குவாங்க."

இறங்கி வரும்போது வரைபடம் செதுக்குகிறவரின் மேஜையைப் பார்த்தேன். நம் நாட்டின் புதிய வரைபடம். அதில் உன் தீவு நம் நிறத்தில் இருந்தது. எப்போது செய்தது என்று கேட்டேன். ஜனவரியில் என்றார். ஜனவரியில், தம்பி. உன் கொட்டகை எரியவே இல்லை அப்போது.

இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்: உன் மருமகன் பட்டாளத்தில் பெயர் கொடுத்துவிட்டான். கையெழுத்துப் போட்ட கையோடு வந்து காலைத் தொட்டான். "எல்லார்கிட்டயும் சொன்னேன்மா, அந்த முகத்தைச் செதுக்கினது எங்க அம்மான்னு. எனக்குக் கை குடுத்தாங்க" என்றான். நான் வாயைத் திறந்தேன். 'நல்லா சாப்பிடு' என்றுதான் வந்தது.

அக்கா


ஏப்ரல் 26

அக்கா,

யுத்தம் என்று நேற்றுத் தந்தி வந்தது. வாங்கி எழுதியவன் நான்தான். கடைசித் தபால் கப்பல் இன்னும் ஒரு மணி நேரத்தில் கிளம்புகிறது. என்னையும் கிளம்பச் சொன்னார்கள். என் மனைவி பள்ளிக்கூடத்தை விட்டு வரமாட்டாள். நான் அவளை விட்டு வரமாட்டேன். தந்திக் கம்பெனி ஆள் என்பதால் என்னை ஒன்றும் செய்யாமல் விட்டிருக்கிறார்கள்.

ஊரில் அந்தப் படம் எல்லாரிடமும் வந்துவிட்டது. தீவுப் போலீஸ்காரர்களே அவளைத் தேடுகிறார்கள், கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால் யுத்தம் நின்றுவிடும் என்று. வீடு வீடாக வந்தார்கள். என்னிடமும் காட்டினார்கள். சிட்டுவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தெரியாது என்று சொன்னேன்.

ஊருக்கெல்லாம் உண்மை சொல்ல வேண்டாம், உன் வேலை போக வேண்டாம். அவன் ஒருவனிடம் மட்டும் சொல்லிவிடு. இல்லாத பெண்ணுக்காக அவன் கப்பலேறக் கூடாது. நீ என்னிடம் எவ்வளவு வேண்டுமானாலும் மழுப்பு, அவனிடம் வேண்டாம்.

தம்பி


மே 4

தம்பிக்கு,

இந்தக் கடிதம் எப்போது உன் கைக்கு வரும் என்று தெரியாது. பட்டாளத் தபாலோடு போகும் என்கிறார்கள்.

இன்றைக்கு அவன் போனான். சொல்லிவிட வேண்டும் என்றுதான் ரயில் நிலையத்துக்குப் போனேன். வீட்டிலிருந்து வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். 'கண்ணு, அந்தப் பொண்ணு உன் சித்தி. உனக்குச் சித்தி ஒருத்தி இருந்தா.' இவ்வளவுதான், ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.

நிலையத்துக்குள் நுழைந்தேன். ஒவ்வொரு தொப்பியிலும் அவளைக் குத்தியிருந்தார்கள். பத்திரிகையே சின்னதாக அச்சடித்து இலவசமாகக் கொடுத்ததாம். வரிசை வரிசையாகச் சிட்டு போகிறாள். பெட்டி ஜன்னல்களில் சிட்டு. தொப்பியைக் கழற்றி ஆட்டினால் அத்தனை சிட்டும் என்னைப் பார்த்துக் கையசைக்கிறாள். அத்தனை பேரும் பயந்துபோய் மேலே பார்க்கிறார்கள். எதைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று மேஸ்திரியைக் கேட்டேனே, அங்கே நின்றபோது எனக்குப் பதில் தெரிந்துவிட்டது: நம்மைப் பார்த்துத்தான்.

அவன் என்னைக் கூட்டத்தின் நடுவே இழுத்துக்கொண்டு போய், "இதான் எங்க அம்மா" என்றான். தலை நரைத்த ஒரு அதிகாரி எனக்கு வணக்கம் வைத்தார். பையன்கள் சுற்றி நின்று கைதட்டினார்கள். நான் சொல்லவில்லை தம்பி. ரயில் போய்விட்டது.

வேலைக்குப் பயந்து அல்ல, நம்பு. அவன் என்னைப் பார்த்த பார்வை போய்விடும் என்று பயந்தேன். அவன் அப்பா போன பிறகு அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை.

அவன் அங்கே வந்து இறங்கினால் உன்னைத் தேடி வருவான். நீ சொல்லிவிடு. கோழைத்தனம்தான், தெரிந்துதான் கேட்கிறேன்.

அக்கா


ஜூலை 30

அக்கா,

உன் மே மாதக் கடிதம் போன வாரம்தான் வந்தது. அதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. அவன் உயிரோடு இருக்கிறான், முதலில் அதைப் படித்துவிட்டு ஒரு மூச்சு விட்டுக்கொள்.

ஜூன் 3, 4 இரண்டு நாளும் காலையில் நம் கப்பல்கள் கடலிலிருந்து குண்டு போட்டன. கோட்டையைக் குறிபார்த்தார்கள், ஆனால் பாதிக் குண்டு ஊருக்குள் விழுந்தது. ஒன்று பள்ளிக்கூடத்தின் பின்னறையில் விழுந்தது. என் மனைவி வாசல் கதவைச் சாத்த முன்பக்கம் வந்திருந்தாள், அதனால் தப்பினாள். அறைக்குள் பதினோரு பிள்ளைகள். வெயில் காலம், காத்திருக்க முடியாது என்று ஒரே குழியில் சுண்ணாம்பு கொட்டி மூடினோம். பெயர்ப் பலகை வைக்கக்கூட யாருக்கும் தெம்பில்லை.

பிறகு நம் பட்டாளம் இறங்கியது. தொப்பியில் அவள். கையில் பொம்மைகள். ஆமாம், நீ மாடிப்படியில் பார்த்த அதே பொம்மைகள்தான், மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்திருந்தார்கள். வீடு வீடாகப் போய், "இவ எங்கே? எங்கே ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்கள். தெரியாது என்றவர்களை அடித்தார்கள். பாதி மீசைக் காவல்காரரை அடித்ததில் அவருக்கு ஒரு காது கேட்கவில்லை. நாலாவது நாள், சிறுமி கொல்லப்பட்டுவிட்டாள் என்று தளபதி அறிவித்தார். அந்தத் தந்தியையும் நான்தான் அனுப்பினேன்.

இப்போது துறைமுக முகப்பில் அவளுக்குக் கல்லறை கட்டியிருக்கிறார்கள். வெள்ளைக் கல், அதில் முகம். உன் படத்தைப் பார்த்துக் கல்தச்சன் அப்படியே கொத்தியிருக்கிறான், தழும்பைக்கூட விடவில்லை. நம் சிட்டுவின் நிஜக் குழி மேல் ஒரு கல்கூட இல்லை. இங்கே தினமும் பூ வைக்கிறார்கள். உள்ளே யாரும் இல்லை.

உன் மகன் வந்த கதையைச் சொல்கிறேன். இளைத்து, கறுத்து, வாசலில் நின்று "மாமா" என்றான். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். தொப்பியிலிருந்து படத்தை எடுத்து என்னிடம் நீட்டினான். "நீங்க இந்த ஊர்லதானே இருந்தீங்க. இவளைப் பார்த்திருப்பீங்களே?"

என் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். அவளிடம் நான் எப்போதோ எல்லாம் சொல்லியிருந்தேன். "அது உன் சித்தி" என்றாள். "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே செத்துப்போயிட்டா. இங்கே செத்தவங்களை வேணும்னா வா, நான் காட்டுறேன்."

கூட்டிக்கொண்டு போய்ச் சுண்ணாம்புக் குழியைக் காட்டினாள். பதினோரு பெயரையும் சொன்னாள், யாருக்கு எந்தப் பல் விழுந்திருந்தது, யார் இடது கையால் எழுதுவார்கள் என்பது வரை. நானும் கூடவே போயிருந்தேன். திரும்பி வரும் வழியில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை, உண்மையும் வரவில்லை. "உங்க அம்மாகிட்டயே எழுதிக் கேளு" என்றேன்.

"நான் கேக்க மாட்டேன் மாமா. அவங்களா சொல்லட்டும்" என்றான்.

அவனை எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் தெரியுமா? அந்தக் கல்லறைக்குக் காவலாக. செதுக்கியவளின் மகன் என்பதால் அந்த மரியாதையாம். துப்பாக்கியோடு வெயிலில் நின்று, ஆள் இல்லாத குழியைக் காக்கிறான். அலுவலக ஜன்னலிலிருந்து அவன் முதுகு எனக்குத் தெரியும்.

என் மனைவி உனக்கு ஒன்று சொல்லச் சொன்னாள். "உங்க அக்கா இல்லாத பிள்ளைக்கு முகம் குடுத்தாங்களே, என் பதினோரு பேருக்குக் குடுப்பாங்களான்னு கேளுங்க" என்றாள். அவள் கேட்ட மாதிரியே எழுதிவிட்டேன்.

தம்பி


ஆகஸ்ட் 21

தம்பிக்கு,

உன் கடிதத்தை வேலைக்குக் கொண்டுபோய், அங்கே வைத்துத்தான் பிரித்தேன். வீட்டில் தனியாகப் படிக்கத் தைரியமில்லை.

படித்து முடிக்கவில்லை, மேஸ்திரி ஒரு துண்டோடு வந்துவிட்டார். "முகக்காரி, இந்தத் தடவை பையன். அதே வயசு. அதே மாதிரி பயப்படணும்" என்றார். எந்த ஊர்ப் பையன் என்று நான் கேட்கவில்லை. வரைபடக்காரரின் மேஜையைப் போய்ப் பார்த்தேன். வடக்கே ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தேசம், நம் நிறத்தில்.

வந்து உட்கார்ந்தேன். பழக்கம் இருக்கிறதே, உளியை எடுத்துவிட்டேன். நெற்றி, மூக்கு, காது. மடங்கின காது. பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருப்பேன், இடவலம் மாற்றிப் பார்க்க. அதில் பார்த்தேன். எட்டு வயதில் என் மகன். பயந்துபோய் மேலே பார்க்கிறான்.

இழைப்புளியை எடுத்து இழைத்துவிட்டேன். நெற்றி போய், மூக்கு போய், வெறும் மரம் ஆகிற வரைக்கும் இழைத்தேன். மேஸ்திரி கத்தினார். துண்டை என் கையிலிருந்து பிடுங்கி ஆகாயக்காரரிடம் கொடுத்தார். "மேகம் மட்டுமா செதுக்குவீங்க? ஒரு முகம் போடுங்க." ஆகாயக்காரர் நல்ல மனுஷர், யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாது. அவர் வீட்டில் நாலு பேரப்பிள்ளைகள். அதில் யாருடைய முகம் வந்ததோ, நான் பார்க்கவில்லை. நாளை தெருவில் தெரியும். திங்கள்கிழமை என்னை ஆசிரியர் வரச் சொல்லியிருக்கிறார், எதற்கென்று எனக்கே தெரிகிறது.

உன் மனைவியிடம் சொல்: பதினோரு மரத்துண்டு வாங்கிவிட்டேன். ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் அவள் என் மகனிடம் சொன்னபடியே, எல்லாவற்றையும் எழுதி அனுப்பச் சொல். பல் விழுந்ததை மறக்க வேண்டாம்.

கீழே இருப்பது அவனுக்கு. கத்தரித்துக் கொடு. நீ படித்துவிட்டுக் கொடுத்தாலும் சரி.

'கண்ணு, தெரியும். படம் வந்த அன்று காலையிலேயே தெரியும். நீ கட்டிலுக்கு மேலே குத்தினபோது தெரியும். ரயில் நிலையத்தில் எனக்குக் கைதட்டினபோது தெரியும். உன் சித்தி பெயர் சிட்டு. பொய் சொல்லி அவள் காப்பாற்றினது அவள் அண்ணனை. நான் சொல்லாமல் இருந்து காப்பாற்றிக்கொண்டது என்னை. அம்மா.'

அக்கா


செப்டம்பர் 12

அக்கா,

கத்தரித்துக் கொடுத்தேன். காவலில் நின்றபடியே படித்தான். படித்துவிட்டு மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டான். அங்கே குத்தியிருந்த படத்தை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டான், கிழிக்கவில்லை. "சித்திதானே" என்றான்.

காவல் முடிந்ததும் நேரே அலுவலகத்துக்கு வந்தான். தந்தித் தாள் ஒன்று கேட்டு வாங்கி, நின்றுகொண்டே எழுதினான். முகவரி உன் பத்திரிகை. இதுதான் வாசகம்:

'அப்படி ஒரு சிறுமி இங்கே இருந்ததில்லை. நான் காவல் நிற்கும் கல்லறையில் யாரும் இல்லை. நம் குண்டில் இறந்த பதினோரு பிள்ளைகளின் பெயர்கள் கீழே.'

பதினோரு பெயர்களும் இருந்தன. வரிசை மாறாமல், ஒன்றுகூட விடாமல். அடியில் தன் பெயர், படைப்பிரிவு, எண்.

"கண்ணா, இதை அனுப்பினா உன்னை என்ன செய்வாங்கன்னு தெரியுமா?" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும் அக்கா, புருவத்தில் ரத்தம் வழிய ஒருத்தி பார்த்தாளே, அதேதான். "நீங்க படிக்காமத்தானே அனுப்புவீங்க மாமா?" என்றான்.

நான் படித்தேன். ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்தேன். என் மனைவிக்குக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு அனுப்பினேன். இரண்டு பெயர்களில் எழுத்துத் தவறியது, அதனால் அவற்றை இரண்டு தடவை அனுப்ப வேண்டியிருந்தது. முடியும் வரை அவன் பக்கத்திலேயே நின்றான்.

சாயங்காலம் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நடந்துதான் போனான், இழுக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தான். விசாரணை அடுத்த மாதம் என்கிறார்கள். எனக்கும் ஆள் வரும், கதவைத் திறந்து வைத்துத்தான் எழுதுகிறேன். கல்லறைக்கு வேறொரு பையனை நிறுத்தியிருக்கிறார்கள். பூ வந்துகொண்டே இருக்கிறது.

ஒன்று மட்டும் நிச்சயம். தந்தி போய்ச் சேர்ந்துவிட்டது. 'கிடைத்தது' என்று உங்கள் பக்கத்திலிருந்து பதில் வந்தது, என் காதால் கேட்டேன். கிடைத்தது என்றால் யாரோ ஒருவர் அதை எழுதி வாங்கியிருக்கிறார். மாடியில் ஆசிரியர் மேஜையில் அது இருக்கும், அல்லது அவர் அறைக் குப்பைக்கூடையில் இருக்கும். நாங்கள் இங்கே செய்ய முடிந்ததைச் செய்துவிட்டோம்.

அந்தக் கட்டடத்தின் கதவு உனக்கு இன்னும் திறக்குமா என்று எனக்குத் தெரியாது. போய்த் தேடு, அக்கா.

உன் தம்பி